பெயர் தெரியாத கரிமத் திரவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. வேதியியல் படிப்பவர்கள் கரிம ஆய்வு பிராக்டிகலின்போது கேட்கும் கேள்விகள் இவை. மேசையில் ஒரு சிறு பாட்டில் இருக்கும். உள்ளே சில மில்லி திரவம், லேபிளில் வெறும் எண். பெயரைக் கண்டுபிடிக்கச் சோதனைக்குழாய், பர்னர், வெப்பமானி, அலமாரியில் உள்ள வினைபொருட்கள், இவைதான் துணை. வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

முதலில் எந்தச் சோதனையைச் செய்வது?

எதையும் செய்வதற்கு முன்னால் ஒன்றரை மில்லி திரவத்தைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள். கொதிநிலைக்கும் டிரைவேட்டிவுக்கும் (பெயரை உறுதி செய்யத் திரவத்திலிருந்து தயாரிக்கும் திண்மச் சேர்மம்) அது வேண்டும். பாதிப் பேர் முதல் அரை மணி நேரத்திலேயே பாட்டிலைக் காலி செய்துவிட்டு, அப்புறம் அட்டெண்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்தது கரைதிறன். மேனுவலில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சொல்லும் சோதனை வேறு இல்லை. தண்ணீர், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் பைகார்பனேட் கரைசல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இந்த நான்கிலும் சில துளிகள் விட்டுக் குலுக்குங்கள். தண்ணீரில் கரையாத திரவம் அமிலத்தில் கரைந்தால் அமீனைச் சந்தேகிக்கலாம். பைகார்பனேட்டில் நுரைத்துக் கரைந்தால் கார்பாக்சிலிக் அமிலம். பைகார்பனேட்டில் கரையாமல் சோடியம் ஹைட்ராக்சைடில் மட்டும் கரைந்தால் பெரும்பாலும் பீனால் வகை. நான்கிலும் கரையாவிட்டால் ஹைட்ரோகார்பன், ஹாலைடு, நைட்ரோ சேர்மம், எஸ்டர், பெரிய ஆல்டிஹைடு அல்லது கீட்டோன் பக்கம் போக வேண்டும். பத்து நிமிடத்தில் குடும்பம் தெரிந்துவிடுகிறது. ஆளைத் தேடுவது அதற்குப் பிறகு.

கரையாதபோது அது மிதக்கிறதா, மூழ்குகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டொலுயீன், பென்சீன் மிதக்கும். குளோரோஃபார்ம், நைட்ரோபென்சீன் மூழ்கும். அனிலீன், பென்சால்டிஹைடு இரண்டும் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனமானவை. அதனால் மெதுவாக இறங்கும், சில துளிகள் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

முகர்ந்து பார்த்தாலே சீனியர்கள் சொல்லிவிடுகிறார்களே?

சொல்வார்கள். ஒரு கல்லூரி அலமாரியில் வருடா வருடம் அதே பத்துப் பதினைந்து திரவங்கள்தான் சுற்றி வரும், அதனால் மூக்கு பழகிவிடுகிறது. மெத்தில் சாலிசிலேட்டில் வலித் தைலத்தின் வாசனை, எத்தில் அசிட்டேட்டில் நெயில் பாலிஷ் வாசனை, அமைல் அசிட்டேட்டில் வாழைப்பழம், அசிட்டிக் அமிலத்தில் வினிகர் நெடி. இவை நல்ல குறிப்புகள்தான்.

கசப்பு வாதுமை வாசனைக்கு வரும்போது மூக்கு ஏமாறும். பென்சால்டிஹைடுக்கும் அதே வாசனை, நைட்ரோபென்சீனுக்கும் கிட்டத்தட்ட அதே வாசனை. இரண்டும் தண்ணீரில் மூழ்கும், இரண்டும் புகையோடு எரியும், இரண்டும் வெளிர் மஞ்சளாக இருக்கலாம். முதலாவதில் நைட்ரஜன் இல்லை, கார்பனைல் தொகுதி உண்டு. இரண்டாவதில் நேர்மாறு. கொதிநிலையும் முதலாவதுக்கு 179, இரண்டாவதுக்கு 211 என்று தள்ளி நிற்கிறது. மூக்கைக் கேளுங்கள், ஆனால் அது சொன்னதை விடையாக எழுதிவிடாதீர்கள்.

பாட்டிலை மூக்கருகே கொண்டுபோக வேண்டாம். சற்றுத் தள்ளிப் பிடித்து, கையால் ஆவியை லேசாக விசிறிப் பார்த்தால் போதும். நைட்ரோபென்சீனும் அனிலீனும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கொதிநிலையை எப்படிச் சரியாக எடுப்பது?

சில துளி திரவம்தான் இருக்கிறது என்றால் சிவோலோபாஃப் முறை. சிறிய கண்ணாடிக் குழாயில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் திரவம், அதற்குள் ஒரு முனை மூடிய கேப்பிலரி, திறந்த முனை கீழே பார்த்தபடி. குழாயை வெப்பமானியோடு ரப்பர் பேண்டால் கட்டி, லிக்விட் பாரஃபினில் இறக்கி மெதுவாகச் சூடாக்குங்கள். ரப்பர் பேண்ட் எண்ணெய்க்கு மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் இளகிக் கழன்றுவிடும்.

முதலில் ஒன்றிரண்டு குமிழ் வரும். அது கேப்பிலரியில் இருந்த காற்று. பிறகு மாலை கோத்ததுபோல் இடைவிடாமல் குமிழ்கள் வரும். அப்போது வெப்பமானியைப் பார்த்து எழுதிவிடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று டிகிரி அதிகமாக வரும். அந்த நேரத்தில் பர்னரை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குமிழ் நின்று, திரவம் கேப்பிலரிக்குள் ஏறத் தொடங்கும் நொடியில் உள்ள வெப்பநிலைதான் கொதிநிலை. எண்ணெய் கொஞ்சம் ஆறியதும் கேப்பிலரியை மாற்றி இன்னொரு முறை எடுங்கள்.

கடல் மட்டத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி. புத்தகத்தில் உள்ள கொதிநிலை எல்லாம் 760 மில்லிமீட்டர் அழுத்தத்துக்கானது, சென்னையில் அப்படியே பொருந்தும். ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும் என்பதால் அங்கே திருத்தம் போட வேண்டும். நமக்குத் தொல்லை கொடுப்பது மின்விசிறிதான். ஏப்ரல் மாதத் தேர்வில் அதை நிறுத்தச் சொன்னால் வகுப்பே முறைக்கும். ஆனாலும் கொதிநிலை எடுக்கும் ஐந்து நிமிடம் உங்கள் தலைக்கு மேல் உள்ளதையாவது நிறுத்துங்கள். தீச்சுடர் ஆடினால் வெப்பநிலை ஒரே சீராக ஏறாது.

எனக்கு 79 டிகிரி வந்தது. எத்தனால் என்று எழுதிவிடலாமா?

வேண்டாம். கொதிநிலை அட்டவணையிலேயே நெரிசல் அதிகமான இடம் அதுதான். கார்பன் டெட்ராகுளோரைடு 76.7, எத்தில் அசிட்டேட் 77.1, எத்தனால் 78.4, எத்தில் மெத்தில் கீட்டோன் 79.6, பென்சீன் 80.1, சைக்ளோஹெக்சேன் 80.7, அசிட்டோநைட்ரைல் 81.6, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 82.3. ஆய்வக வெப்பமானியில் இரண்டு டிகிரி முன்னே பின்னே இருந்தால் எட்டுப் பேரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இவர்களைப் பிரிக்கப் பழகிவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு கரையாமல் அடியில் போய் உட்காரும். அதற்குத் தீயும் பிடிக்காது. பென்சீனும் சைக்ளோஹெக்சேனும் மிதக்கும். பென்சீன் கரும்புகை கக்கி எரியும், சைக்ளோஹெக்சேன் கிட்டத்தட்டச் சுத்தமாக எரியும். இந்த மூன்றும் இப்படிக் கழிந்துவிடும். (பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுக்கும், ஓசோன் படலத்தையும் கெடுப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. பழைய மேனுவல்களில் இவை தாராளமாக வரும். உங்களுக்கு யாராவது கொடுத்தால் ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் கப்போர்டுக்குள் வைத்துச் செய்யுங்கள்.)

மீதி ஐந்து. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எத்தில் அசிட்டேட் தண்ணீரில் கரையாது என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். 100 மில்லி தண்ணீரில் சுமார் 8 கிராம் கரையும். மூன்று மில்லி தண்ணீரில் நான்கு துளி விட்டுக் குலுக்கினால் முழுவதும் காணாமல் போய்விடும். அதே தண்ணீரில் ஒரு மில்லி ஊற்றினால் தனி அடுக்காக நிற்கும். ஆகவே கரைகிறது, கரையவில்லை என்று மொட்டையாக எழுதாமல் எத்தனை துளி, எவ்வளவு தண்ணீர் என்பதையும் எழுதுங்கள். எத்தனாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அசிட்டோநைட்ரைலும் எவ்வளவு ஊற்றினாலும் கலந்துவிடும்.

அடுத்து 2,4-டிஎன்பி (2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன்), ஆல்டிஹைடையும் கீட்டோனையும் காட்டும் வினைபொருள். ஐந்தில் எத்தில் மெத்தில் கீட்டோன் மட்டுமே மஞ்சள் வீழ்படிவு தரும். செரிக் அம்மோனியம் நைட்ரேட் கரைசலின் மஞ்சள் நிறம் சிவப்பாக மாறினால் ஆல்கஹால். அதற்கு எத்தனாலும் ஐசோபுரோப்பைலும் பதில் சொல்லும். லூகாஸ் வினைபொருளில் (அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த துத்தநாகக் குளோரைடு) ஐசோபுரோப்பைல் சில நிமிடத்தில் கலங்கும், எத்தனால் தெளிவாகவே இருக்கும். அசிட்டோநைட்ரைலை லாசைன் சோதனையில் (சோடியத்தோடு உருக்கிச் செய்வது, கீழே வருகிறது) நைட்ரஜன் காட்டிக்கொடுக்கும். சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்கவைத்தால் அம்மோனியா நெடி வந்து, ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாகும்.

அயோடினும் காரமும் சேர்த்துச் செய்யும் அயோடோஃபார்ம் சோதனையை இந்தக் கூட்டத்தில் கடைசிக்குத் தள்ளுங்கள். எத்தனால், ஐசோபுரோப்பைல், எத்தில் மெத்தில் கீட்டோன் மூன்றுமே மஞ்சள் படிகம் தரும், அதனால் அவற்றைப் பிரிக்க உதவாது. கூடவே எத்தில் அசிட்டேட்டைக் காரத்தோடு சூடாக்கினால் அது உடைந்து எத்தனால் வெளிவரும், அந்த எத்தனால் அயோடோஃபார்ம் கொடுக்கும். கடைசியில் எஸ்டரை ஆல்கஹால் என்று எழுதிவிடுவீர்கள்.

லாசைன் சோதனை பயமாக இருக்கிறது. தவிர்க்க முடியாதா?

கொஞ்சம் பயம் இருப்பது நல்லதுதான். சோடியம் உருக்கும்போது கண்ணாடி அணியாமல் நிற்கிறவரைப் பார்த்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவிர்க்க முடியாது. கரிமச் சேர்மத்தில் உள்ள நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் சகபிணைப்பில் இருப்பதால் நேரடியாக வினை தராது. சோடியத்தோடு உருக்கினால் அவை சயனைடு, சல்பைடு, ஹாலைடு அயனிகளாக மாறித் தண்ணீரில் இறங்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லாசைன் 1843-ல் சொன்ன வழி இது.

மிளகு அளவு சோடியம் போதும். மண்ணெண்ணெயிலிருந்து எடுத்ததும் வடிதாளில் ஒற்றி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மேசை மேலேயே ஈரம் பூத்திருக்கும், அந்த மேசையில் சோடியத்தை வைக்காதீர்கள். இக்னிஷன் டியூபில் சோடியத்தை உருக்கிப் பளபளவென்று ஆனபிறகு திரவத்தைத் துளித் துளியாக விடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துச் சூடாக்கினால், ஆவியாகும் திரவம் வினை நடப்பதற்குள் பறந்துவிடும், நைட்ரஜன் இல்லை என்ற பொய் முடிவு வரும். குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு போன்றவை சோடியத்தோடு வெடிக்கும். தண்ணீரில் மூழ்கி, தீப்பிடிக்காமலும் இருக்கிற திரவத்தைச் சோடியத்தோடு சேர்ப்பதற்கு முன் ஆசிரியரைக் கேளுங்கள். அத்தகைய திரவத்துக்குச் செம்புக் கம்பியை வைத்துச் செய்யும் பைல்ஸ்டீன் சோதனையே போதும். பச்சைச் சுடர் வந்தால் ஹாலஜன் இருக்கலாம்.

எல்லாத் திரவத்துக்கும் ஹாலஜன் உண்டு என்றே வருகிறதே?

தண்ணீரை மாற்றிப் பாருங்கள். குழாயில் வரும் போர் தண்ணீரில் உப்பு உண்டு, மெட்ரோ தண்ணீரில் குளோரினும் குளோரைடும் உண்டு. அதில் ஹாலஜனைக் காட்டும் சில்வர் நைட்ரேட் விட்டால் சேர்மம் எதுவும் சேர்க்காமலே வெள்ளையாகும். கடற்கரைப் பக்கத்துக் கல்லூரிகளில் இது இன்னும் மோசம். கேன் தண்ணீரும் உதவாது, அதிலும் கரைந்த உப்பு மிச்சம் இருக்கும். காய்ச்சி வடித்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். சோதனைக்குழாயைக் கடைசியாக ஒரு முறை அதே நீரால் அலசுங்கள். சந்தேகம் இருந்தால் வெறும் நீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நைட்ரஜனோ கந்தகமோ இருந்தால், சில்வர் நைட்ரேட் சேர்ப்பதற்கு முன் வடிநீரை (சோடியத்தோடு உருக்கியதைத் தண்ணீரில் இறக்கி வடித்தது) நைட்ரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சயனைடையும் சல்பைடையும் விரட்ட வேண்டும். சில்வர் சயனைடும் வெள்ளைதான். அப்படிக் கொதிக்கும்போது வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு, எனவே ஃபியூம் கப்போர்டில் செய்யுங்கள்.

புரோமின் நீர் நிறம் இழந்தது. நிறைவுறாத சேர்மம்தானே?

வெள்ளை வீழ்படிவு வந்ததா என்று பாருங்கள். அனிலீனும் பீனாலும் புரோமின் நீரின் நிறத்தைப் போக்கும், கூடவே வெள்ளை வீழ்படிவு தரும். அது சேர்க்கை வினை இல்லை, வளையத்தில் பதிலீடு. நிறைவுறாத சேர்மத்துக்கான இன்னொரு சோதனையான பேயர் சோதனையின் பெர்மாங்கனேட்டும் அப்படித்தான்: ஆல்டிஹைடு, பீனால், அனிலீன் எல்லாம் அதை ஒடுக்கிவிடும். இந்த இரண்டு சோதனைகளையும் மற்றத் தொகுதிகளைக் கழித்த பிறகு படித்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு.

2,4-டிஎன்பி மஞ்சள் வந்துவிட்டது. ஆல்டிஹைடா, கீட்டோனா?

ஆரஞ்சோ சிவப்போ வந்தால் கார்பனைல் பக்கத்தில் இரட்டைப் பிணைப்போ பென்சீன் வளையமோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஆல்டிஹைடா என்று கேட்கத் தாலன்ஸ் (அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசல்) இருக்கிறது. வெள்ளிக் கண்ணாடி வர வேண்டும் என்றால் குழாய் பளிச்சென்று இருக்க வேண்டும். சூடான சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். கண்ணாடி வராமல் கறுப்புப் பொடி வந்தாலும் முடிவு ஒன்றுதான். நேரடித் தீயில் காட்டாமல் வெந்நீரில் வையுங்கள்.

ஆல்டிஹைடுக்கான இன்னொரு சோதனையான, செம்பு உள்ள நீல நிற ஃபெலிங் கரைசலை எல்லோரும் அவசரத்தில் தப்பாகப் படிக்கிறார்கள். பென்சால்டிஹைடு போன்ற அரோமேட்டிக் ஆல்டிஹைடுகள் ஃபெலிங்கை ஒடுக்காது. தாலன்ஸ் ஆம், ஃபெலிங் இல்லை என்று வந்தால் அது சோதனையின் கோளாறு இல்லை. அந்த "இல்லை"தான் உங்களைச் சரியான ஆளிடம் கொண்டுபோகிறது. ரெக்கார்டில் எதிர்மறை முடிவுகளை எழுதாமல் விடுகிறவர்கள் இப்படிப்பட்ட நல்ல சாட்சியை வீசி எறிகிறார்கள்.

ஆல்டிஹைடு பட்டால் இளஞ்சிவப்பாகும் ஷிஃப் வினைபொருளைச் சூடாக்காதீர்கள். சூடானாலே அது தானாக இளஞ்சிவப்பாகிவிடும்.

லூகாஸ் சோதனையில் எங்கள் பெஞ்சில் மூன்று பேருக்கு மூன்று நேரம் வருகிறது. எது சரி?

மூன்றாம் நிலை ஆல்கஹால் உடனே கலங்கும், இரண்டாம் நிலை ஐந்து முதல் பத்து நிமிடத்தில், முதல் நிலை அறை வெப்பத்தில் கலங்காது என்று புத்தகம் சொல்கிறது. அந்த "அறை வெப்பம்" 25 டிகிரி. மே மாதம் நம் ஆய்வகத்தில் 35 இருக்கும், வினை வேகமாகும். இன்னொரு பக்கம் துத்தநாகக் குளோரைடு ஈரத்தை உறிஞ்சும் பொருள். அடிக்கடி திறந்த பாட்டிலில் அது கூழாகிக் கிடந்தால் வினைபொருள் பலவீனமாகி நேரம் நீளும். சென்னையில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும், எனவே கடிகாரத்தை நம்பாதீர்கள். பக்கத்தில் இரண்டு குழாயில் மூன்றாம் நிலை பியூட்டைல் ஆல்கஹாலையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் வைத்து, உங்கள் திரவம் யாரோடு சேர்ந்து கலங்குகிறது என்று பாருங்கள்.

பென்சைல் ஆல்கஹால் முதல் நிலைதான், ஆனாலும் சீக்கிரம் கலங்கும். ஆறு கார்பனுக்கு மேற்பட்ட, தண்ணீரில் கரையாத ஆல்கஹாலுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். அது தொடக்கத்திலேயே கலங்கலாக நிற்கும்.

பென்சால்டிஹைடு என்று சந்தேகம், ஆனால் பைகார்பனேட்டில் நுரைக்கிறது. எப்படி?

பாட்டில் பழசு. பென்சால்டிஹைடு காற்றிலேயே ஆக்சிஜனேற்றமடைந்து பென்சாயிக் அமிலமாகும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் படிந்திருந்தால் அதுதான். பைகார்பனேட் கரைசலோடு குலுக்கி அமிலத்தை நீக்கி, எண்ணெய் அடுக்கைப் பிரித்து உலர்த்தி மறுபடி தொடங்குங்கள். எத்தில் அசிட்டேட்டும் ஈரத்தில் மெல்ல உடைந்து அசிட்டிக் அமிலம் சேர்த்துக்கொள்ளும். அனிலீன் நிறமற்றது என்று புத்தகம் சொல்லும், அலமாரியில் இருப்பது டீ டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். நிறத்தைப் பார்த்து மிரள வேண்டாம், காய்ச்சி வடித்தால் தெளிந்துவிடும்.

உலர்த்தும்போது ஒரு எச்சரிக்கை: ஆல்கஹாலுக்கும் அமீனுக்கும் கால்சியம் குளோரைடு போடாதீர்கள், அவற்றோடு அது சேர்ந்துகொள்ளும். நீரற்ற மெக்னீசியம் சல்பேட் ஆல்கஹாலுக்குச் சரி, அமீனுக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள்.

அனிலீனுக்குச் சாயச் சோதனை செய்தேன், சிவப்பு வரவில்லை.

பெரும்பாலும் ஐஸ் போதாமல்தான். அமிலத்தில் அனிலீனும் சோடியம் நைட்ரைட்டும் சேர்ந்து தரும் டயசோனியம் உப்புதான் பீட்டா நாப்தாலோடு இணைந்து சாயமாகும். அது 5 டிகிரிக்கு மேல் தாங்காது, நைட்ரஜனை விட்டுப் பீனாலாகிவிடும். அனிலீன் கரைசலை மட்டும் குளிரவைத்துவிட்டுச் சோடியம் நைட்ரைட்டையும் பீட்டா நாப்தாலையும் மேசையில் வைத்திருப்பார்கள். சென்னை மேசையில் அவை 33 டிகிரியில் இருக்கும். மூன்றையும் ஐஸில் வையுங்கள், ஐஸில் ஒரு பிடி கல்லுப்பு போடுங்கள். நைட்ரைட்டைத் துளித் துளியாக விடுங்கள். பீட்டா நாப்தாலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்திருக்க வேண்டும். அமிலம் மிஞ்சினால் இணைப்பு நடக்காது.

முதல் நிலை அமீனை நாற்றத்தால் காட்டும் கார்பைலமீன் சோதனையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அந்த நாற்றம் சட்டையோடு பஸ்ஸில் வீடு வரை வரும், வாயுவும் நச்சு. சாயச் சோதனை தெளிவாக இருந்தால் அது தேவையில்லை என்பது என் கருத்து.

எஸ்டரை எப்படி உறுதி செய்வது?

ஹைட்ராக்சாமேட் சோதனை. ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு, காரம் சேர்த்துச் சூடாக்கி, அமிலமாக்கி, ஃபெரிக் குளோரைடு ஒரு துளி விட்டால் ஒயின் சிவப்பு. அதற்கு முன் ஃபெரிக் குளோரைடை மட்டும் தனியாக விட்டுப் பாருங்கள், ஏனென்றால் பீனால் தொகுதி இருந்தால் அதுவே ஊதா தரும். மெத்தில் சாலிசிலேட் அப்படித்தான். அது எஸ்டரும் பீனாலும் சேர்ந்தது. அதில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டவுடன் வெள்ளைத் திண்மம் உறைந்து பயமுறுத்தும், அது அதன் சோடியம் உப்பு. சூடாக்கிக்கொண்டே இருந்தால் கரைந்துவிடும். பிறகு அமிலம் சேர்த்தால் சாலிசிலிக் அமிலம் விழும், உருகுநிலை 159.

டிரைவேட்டிவ் கட்டாயமா? பெயர்தான் தெரிந்துவிட்டதே.

தெரிந்தது என்று நினைக்கிறீர்கள். திரவத்தின் கொதிநிலை அழுத்தத்துக்கும் கலப்படத்துக்கும் ஆடும். திண்மமான டிரைவேட்டிவைச் சுத்தம் செய்து உருகுநிலை எடுத்தால் அது அவ்வளவு ஆடாது. அனிலீனுக்கு அசெட்டனிலைடு 114, நைட்ரோபென்சீனுக்கு மெட்டா டைநைட்ரோபென்சீன் 90, அசிட்டோனின் 2,4-டிஎன்பி 126, சைக்ளோஹெக்சனோனுடையது 162, எத்தில் பென்சோயேட்டை நீராற்பகுத்தால் பென்சாயிக் அமிலம் 122.

எந்த டிரைவேட்டிவ் என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்சால்டிஹைடின் 2,4-டிஎன்பி 237-ல் உருகும், அசிட்டோஃபீனோனுடையது 238-ல். இரண்டையும் பிரிக்க அது எதற்கும் ஆகாது. செமிகார்பசோன் செய்தால் 222, 198 என்று நன்றாக விலகி நிற்கும்.

உருகுநிலை பத்து டிகிரி குறைவாக வந்து, நீண்டும் இழுத்தால் படிகம் ஈரம். மழைக்காலத்தில் வடிதாளில் பரப்பி வைத்தது மறுநாளும் நமநமவென்றுதான் இருக்கும். இரண்டு வடிதாளுக்கு நடுவே அழுத்தி, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம்) வைத்து எடுங்கள்.

சென்னை வெயிலில் கவனிக்க வேண்டிய திரவங்கள் உண்டா?

அசிட்டால்டிஹைடு 20 டிகிரியில் கொதிக்கும், இங்கே அது ஃப்ரிட்ஜுக்கு வெளியே திரவமாக நிற்காது. டைஎத்தில் ஈதர் 34.6. கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் பாட்டிலைத் திறந்தாலே சீறும், அதன் ஆவி மேசையில் ஊர்ந்து நான்கு பெஞ்ச் தள்ளி எரியும் பர்னரைத் தொடும். எனவே ஈதர் வெளியே இருக்கும்போது ஆய்வகத்தில் ஒரு தீச்சுடரும் வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. மூன்றாம் நிலை பியூட்டைல் ஆல்கஹால் 25-26 டிகிரியில் உறையும், ஆர்த்தோ கிரெசால் 31-ல். புத்தகத்தில் இவை திண்மம் என்று போட்டிருக்கும். சென்னையில் பியூட்டைல் ஆல்கஹால் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் திரவம், கிரெசால் கோடையில் திரவம், மார்கழியில் கட்டி. திரவமாகக் கொடுத்தார்கள் என்பதால் திரவ அட்டவணையில் மட்டும் தேடாதீர்கள்.

ஐ.ஆர்., என்.எம்.ஆர். போன்ற நிறமாலைக் கருவிகள் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

பெயர் கண்டுபிடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் கருவிதான் மேல், அதில் வாதம் இல்லை. ஐ.ஆர். (அகச்சிவப்பு) படத்தில் 1,700 cm⁻¹-ஐ ஒட்டிய கூர்மையான பட்டை கார்பனைலை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள உயர்நிலைக் கருவி மையம் வெளிக் கல்லூரி மாதிரிகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டித் தருகிறது. ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்து எஸ்டரா கீட்டோனா என்று தடுமாறும்போது, ஒரு துளி 2,4-டிஎன்பி சட்டென்று தீர்த்துவிடும். ஆராய்ச்சிக்குப் போனவர்களும் இதைச் செய்கிறார்கள், ஆனால் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

வீட்டில் கிடந்த பெயரில்லாத பாட்டிலை இப்படிச் சோதிக்கலாமா?

கூடாது. இந்த முறை முழுவதும் ஒரே தூய திரவம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தின்னர், பாலிஷ், பூச்சிமருந்து எல்லாம் கலவை. கலவையில் ஒவ்வொரு சோதனையும் யாரோ ஒருவரைப் பற்றி உண்மை சொல்லும், யார் என்று சொல்லாது.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எத்தனால் அயோடோஃபார்ம் தரும், மெத்தனால் தராது என்று படித்திருப்பீர்கள். இரண்டும் கலந்திருந்தால் சோதனை "ஆம்" என்றுதான் வரும், மெத்தனால் அதற்குள் ஒளிந்துகொள்ளும். தடயவியல் ஆய்வகத்தில் மெத்தனாலைப் ஃபார்மால்டிஹைடாக ஆக்சிஜனேற்றி, குரோமோட்ரோப்பிக் அமிலத்தில் ஊதா நிறம் பார்ப்பார்கள், வாயு நிறச்சாரல் கருவியிலும் (கேஸ் குரோமடோகிராஃப்) ஓட்டுவார்கள். இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் நம் சென்னையில்தான் தொடங்கியது. நச்சு வழக்குகளுக்காக உருவான அந்த வேலை இன்றும் அந்தத் துறையுடையது.

மிச்சத்தை சிங்க்கில் ஊற்றிவிடலாமா?

தாலன்ஸ் கரைசலை மட்டும் அன்றே தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் படியும். நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கியபின் வெள்ளிக் கழிவுப் பாட்டிலில் ஊற்றுங்கள். மிச்சச் சோடியத்தைத் தண்ணீரில் போடாமல் ஆல்கஹாலில் போட்டுக் கரையுங்கள். ஹாலஜன் உள்ள திரவத்துக்குத் தனி பாட்டில், மற்றதற்குத் தனி பாட்டில். சயனைடு வந்த வடிநீரை அமிலத்தோடு சேர்த்துக் கொட்டாதீர்கள். அதற்கு எங்கே போட வேண்டும் என்று அட்டெண்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.